சிரிப்பை விளைவிக்கும் விதிகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் நகைச்சுவை ஆட்டக்காரர்களின் சாமர்த்தியத்தால் மட்டுமே பிறக்கிறது, விதிகள் குறுக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டால் போதும் என்ற கருத்து இப்போது செல்வாக்கோடு உலவுகிறது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் குறுவிளையாட்டுகளின் பெருக்கம் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இத்துறையின் வரலாறு அந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை. நிலைத்து நின்ற நகைச்சுவை விளையாட்டுகளை எடுத்துப் பார்த்தால், சிரிப்புக்கான விசை விதிக்குள்தான் இருக்கிறது.

1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளின் வாரிசு. ஆடியவர்கள் சிரித்தார்கள், விதிகள் சிரிக்கவைக்கவில்லை. அடுத்த ஆண்டே கென் செயின்ட் ஆண்ட்ரே தமது டனல்ஸ் அண்ட் டிரோல்ஸில் மந்திரங்களுக்குக் கேலிப்பெயர் சூட்டினார். ஆனால் பெயர் மட்டுமே வேடிக்கை. மந்திரம் மற்ற விளையாட்டுகளில் வேலை செய்வதுபோலவே வேலை செய்தது. புத்தகத்தைப் படிக்கும்போது சிரிப்பு வருவதும், பகடையை உருட்டும்போது சிரிப்பு வருவதும் வேறுவேறு என்ற உண்மை அப்போதே தெரிந்துவிட்டது.

பகடையில் பிறக்கும் இரண்டாவது வகைச் சிரிப்பு 1984இல் முழு வளர்ச்சியோடு வெளிப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் வந்த இரண்டு விளையாட்டுகளிலும் கிரெக் காஸ்டிக்யானின் கை இருக்கிறது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட ‘டூன்’ கார்ட்டூன் படங்களின் உலகத்தை மேசைக்குக் கொண்டுவந்தது. அதைச் செப்பனிட்டவர் வாரன் ஸ்பெக்டர். அதில் இரண்டு பகடைகளை உருட்டி, தன் திறனின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் வெற்றி. பாறை விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் நடக்கும் பாத்திரத்துக்கும் அறிவுத்திறனுக்கான பகடை உண்டு. அங்கே வெற்றி பெற்றால் காலடியில் தரையில்லை என்பது புரிந்துவிடும். புரிந்த நொடியே விழ வேண்டியதுதான். பகடையில் தோற்ற மட்டி எதையும் கவனிக்காமல் அக்கரை சேர்ந்துவிடுகிறது. கார்ட்டூன் பௌதிகம் முழுவதையும் ஒரே வீச்சில் அடக்கிய இந்த விதி, மற்ற விளையாட்டுகளில் எவரும் விரும்பாத குறைந்த அறிவுத்திறனை ஆட்டக்காரர் ஆசையோடு ஏற்கும்படி செய்கிறது. சாவும் இல்லை. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்த பாத்திரம் 3 நிமிடம் விழுந்துகிடந்துவிட்டு எழுந்து வருகிறது. இழக்க ஒன்றுமில்லாதபோதுதான் ஆட்டக்காரர் துணிந்து அபத்தத்தில் இறங்குகிறார்.

டான் கெல்பர், எரிக் கோல்ட்பர்க் ஆகியோருடன் காஸ்டிக்யான் உருவாக்கிய ‘பாரனோயா’ நேரெதிர் வழியில் சென்றது. அங்கே சாவு மலிவு. ஒவ்வொருவருக்கும் 6 நகலுடல்கள். துரோகிகளை வேட்டையாட அவ்வுலகை ஆளும் கணினி அனுப்பும் ஒவ்வொருவரும் பிறழ்வுச் சக்தி கொண்டவர், இரகசியச் சங்கத்தின் உறுப்பினர். இரண்டுமே மரணதண்டனைக்குரிய துரோகம். எல்லாவற்றிலும் கூர்மையானது இன்னொரு விதி: விளையாட்டின் விதிகள் தெரிந்திருப்பதாகக் காட்டிக்கொள்வதே துரோகம். தன் பாத்திரம் சுடப்பட்டதை எதிர்த்து விதிப்புத்தகத்தைச் சுட்டி வாதாடும் ஆட்டக்காரர், அந்த வாதத்தாலேயே தன் அடுத்த நகலையும் பறிகொடுக்கிறார். எத்தனையோ மேசைகளில் மாலைப்பொழுதைக் கெடுத்த விதிச்சண்டை இங்கே ஆட்டத்தின் தலைசிறந்த நகைச்சுவையாக மாறுகிறது. எதிர்ப்பு மிகமிகச் சிரிப்பும் மிகுகிறது.

1986இல் சாண்டி பீட்டர்சன், லின் வில்லிஸ், கிரெக் ஸ்டாஃபோர்ட் மூவரும் அமைத்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ ஒரு பகடையின் ஆறுக்குப் பதில் பேயின் உருவத்தைப் பொறித்தது. அது விழுந்தால், காரியம் கைகூடினாலும் கூடவே ஒரு தொல்லை வரும். அடுத்த ஆண்டு மைக் பாண்ட்ஸ்மித்தின் ‘டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ அளவுக்கு மிஞ்சிய வெற்றியையே ஆபத்தாக்கியது.

பிறகு வந்தது வறட்சி. நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தவர் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். 1990களின் விளையாட்டுகளுக்கு எள்ளல் ஒன்றுதான் தெரிந்தது. கையெழுத்திலேயே அச்சான ‘ஹோல்’ (1994) விதிகளை இகழ்வதையே தொழிலாகக் கொண்டது. படிக்கச் சுவையான அந்தப் புத்தகம் மேசையில் ஆட்டக்காரர் கையில் எதையும் கொடுக்கவில்லை. பாரனோயாவே கேலிப்போலிகளில் கரைந்து, 1995இன் ஐந்தாம் பதிப்பில் தன் பயங்கரத்தை இழந்தது. 2004இல் புதுப்பித்தவர்கள் அந்தப் பதிப்பை ஒதுக்கிவைத்தது சரியான முடிவு. ஜேம்ஸ் வாலிஸின் ‘பாரன் மன்சாசன்’ (1998) விதிவிலக்கு: பொய்க்கதை சொல்பவரை ஒரு காசு வைத்து இடைமறிக்கலாம், அவர் காசை எடுத்துக்கொண்டு கதையை வளைக்கலாம், அல்லது தன் காசு ஒன்றையும் சேர்த்துத் திருப்பித் தள்ளலாம்.

இந்த மரபின் உச்சம் ராபின் லாஸ் 2001இல் பெல்கிரேன் பிரஸ்ஸுக்காக எழுதிய ‘தி டையிங் எர்த்’. உரிய கவனம் இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை. அது தழுவிய எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதையுலகில் வீரர்கள் வாளைவிட நாவைத்தான் நம்புகிறார்கள். லாஸ் அதை அப்படியே விதியாக்கினார். வசப்படுத்தலும் மறுத்தலும் தனித்தனித் திறன்கள். ஒவ்வொன்றுக்கும் பாணி உண்டு: சரளமாகப் பேசுபவர் ஒருவர், குழப்பிப் பேசுபவர் ஒருவர், வக்கீல்போல் மறுப்பவர் ஒருவர். அகந்தை, பேராசை, சோம்பல், சாப்பாட்டு ஆசை போன்ற சபலங்களை எதிர்த்தும் பகடை உருட்ட வேண்டும். தோற்றால், தப்பி ஓட வேண்டிய நேரத்தில் பாத்திரம் விருந்துக்கு உட்கார்ந்துவிடும்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் சில வாக்கியங்கள் எழுதித் தரப்படுவதுதான் இதன் தனிச்சிறப்பு. செம்மாந்த, சற்றே பழமைவாடை வீசும் வாக்கியங்கள் அவை. ஆட்டக்காரர் ஏற்ற இடத்தில் அவற்றில் ஒன்றைச் சொன்னால், மேசையில் எழும் வரவேற்புக்குத் தக்கபடி பாத்திரத்தை வளர்க்கும் புள்ளிகள் கிடைக்கும். விளைவு கண்கூடு. கையில் வாக்கியம் இருப்பவர் அதற்குப் பொருந்தும் சூழலை உண்டாக்கப் பேச்சைத் திருப்புகிறார், பூசலை மூட்டுகிறார். கூச்சமுள்ளவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நகைச்சுவை உணர்வு இயல்பாகவே வாய்த்தவருக்குத்தான் இது கைவரும் என்ற வாதம் இங்கே உடைகிறது.

ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’ (2009) பேராசையும் அரைகுறைத் திட்டமும் கொண்டவர்களை உறவுகளால் பின்னி, பாதி ஆட்டத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறது. கிராண்ட் ஹோவிட்டின் ‘ஹனி ஹைஸ்ட்’ (2017) தேன் திருடும் கரடிகளைப் பற்றிய ஒருபக்க விளையாட்டு. குறுவிளையாட்டு வாதத்தின் செல்லப்பிள்ளை. அதிலும் இயங்குவது விதிதான். கரடித்தனம், களவுத்தனம் என இரண்டே எண்கள். திட்டம் கெட்டால் களவிலிருந்து ஒரு புள்ளி கரடிக்குப் போகும், பலித்தால் கரடியிலிருந்து களவுக்கு. எது 6ஐத் தொட்டாலும் பாத்திரம் கைவிட்டுப்போகும். போலி செய்தவர்கள் பலரும் கரடியை எடுத்துக்கொண்டு இந்த ஏற்றஇறக்கத்தை விட்டுவிட்டார்கள். அவர்களின் விளையாட்டில் முதல் கால்மணி நேரச் சிரிப்போடு சரக்கு தீர்ந்துவிடுகிறது.

இவை பெரும்பாலும் நிகழ்ச்சிகளை ஆளும் விதிகள். பேச்சை ஆளும் விதிகள் லாஸுக்குப் பின் வளரவில்லை. அவரே ‘ஸ்கல்டக்கரி’ என்ற விளையாட்டில் அம்முறையைப் பிற கதைவகைகளுக்கும் எடுத்துச் சென்றார். பின்தொடர்வோர் குறைந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: ஒவ்வோர் அமர்வுக்கும் புது வாக்கியங்களை எழுதும் சுமை ஆட்டநடத்துநர் தலையில் விழுகிறது. ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் எழுதித் தருவது, கதைவகைக்கு ஏற்ற வாக்கியச் சீட்டுக்கட்டை விளையாட்டோடு சேர்த்து அச்சிடுவது என இரண்டு வழிகளிலும் அந்தச் சுமையை இறக்கலாம். சிரிப்பூட்டும் கருவைத் தேடிச் செலவாகும் வடிவமைப்பாளரின் உழைப்பு போகவேண்டிய இடம் அதுதான்.