நூறாயிரம் கதைகளும் ஒரு பற்றுக் கொப்பியும்

மியூசியத்தை நாங்கள் நூதனசாலை என்கிறோம். தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்பார்கள். பழையதை வைக்கிற இடத்துக்கு ஏன் சேர் 'நூதனம்' என்று பேர் என வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்தப் பேர் பொருந்துகிற ஒன்று 2019 டிசம்பரில் கொழும்பில் தொடங்கியது: இலங்கையின் நவீன, சமகாலக் கலை நூதனசாலை. இன்னும் சொந்தக் கட்டிடம் இல்லை. கிறெஸ்கற் கடைத்தொகுதிக்குள் இயங்குகிறது. அனுமதி இலவசம், குறிப்புகள் மும்மொழியிலும் உண்டு. இதற்காகவே பாராட்டலாம்.

சர்மினி பெரேரா தெரிவுசெய்து அமைத்த முதற் காட்சிக்கு, நூறாயிரம் சின்னக் கதைகள் என்று பொருள்படும் தலைப்பு. சேரனின் கவிதையொன்றிலிருந்து எடுத்தது. 2018இல் டாக்காவில் வைக்கப்பட்டு, பிறகு கொழும்புக்கு வந்தது. '43 குழுவையும் கொழும்பையும் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்த கலை வரலாற்றை அது விரித்தது; யாழ்ப்பாணத்து ஓவியர்களும் சமமாக உள்ளே வந்தார்கள். ஆனால் காட்சியின் தொடக்கப் புள்ளி 1948. இங்கேதான் எனக்கு இடறுகிறது. கொழும்புக்கு அது சுதந்திரம். ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் அதே 1948தான் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான வருஷம். ஆண்டைத் தெரிவதும் தெரிவுதான். எந்த ஓவியத்தை மாட்டுவது என்பதற்கு முன்னமே அது நடந்துவிடுகிறது.

மலையகத்தார் அதற்கு முன்பே படத்தில் இருந்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த தபாலட்டைகளில் கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்க்காதவர் யார்? எடுத்த கம்பெனியின் பேர் அட்டையில் இருக்கும், நிற்கிறவளின் பேர் இருக்காது. அந்த அட்டைகளுக்குப் பதில் சொல்கிற மாதிரித்தான் ஹற்றனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரத்தின் வேலைகள் எனக்குப் படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர். தேயிலைச் சாயத்தையே வண்ணமாக்கி, லயத்தையும் கொழுந்தெடுக்கும் பெண்களையும் வரைகிறார். கறை அங்கே அழகுக்காக இல்லை. சாயம் ஊறிய விரலை எந்தச் சவுக்காரத்தாலும் வெளுக்க முடியாது என்பது எங்கட பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுடைய தாய்மாரின் கை அது.

ஆனால் பாருங்கள், தாளில் இறங்கிய சாயம் கொழும்பில் கலை. அதே சாயம் பிடித்த கூடையும் படங்கும் கம்பளைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் நூதனசாலையில் இருக்கின்றன. கண்டி சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயமொன்றையே நூதனசாலையாக்கி நடத்தும் இடம் அது. ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலைக்குள், உருளைகளும் எஞ்சின்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும். ஆக, இயந்திரம் ஓரிடம், கூடை ஓரிடம், ஓவியம் ஓரிடம். ஒரே தேயிலைச் செடியின் வரலாறு மூன்று வீடுகளில் தனித்தனியாகக் குடியிருக்கிறது. பன்மைத்துவம் என்றால் இனத்துக்கு ஒரு ஓவியரைச் சேர்ப்பது அல்ல. பெரட்டுத் தப்பையும் காமன் கூத்தின் ஒப்பனையையும் ஹனுஷாவின் தாளுக்குப் பக்கத்தில் வைக்கத் துணிவு வேண்டும். ஓவியமும் ஒருமுறையாவது மலையேறி வரவேண்டும். ஹற்றன் பிள்ளை தன் ஊரை வரைந்த படத்தைப் பார்க்க விடிய ரயில் பிடிக்க வேண்டியிருப்பது என்ன நியாயம்?

இனி எங்கட பக்கம். மலையகக் கடைவீதிகளில் எத்தனை தலைமுறையாக முஸ்லிம்கள் கடை வைத்திருக்கிறோம். காட்சிகளில் நாங்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம், ஆனால் கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம்? உருவம் வரைவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு, அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. எழுத்தணியும் மரச்செதுக்கும் பாய்ப்பின்னலும் அந்தத் தயக்கத்துக்குள்ளிருந்துதான் வளர்ந்தன. என் கவலை வேறு. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய மிம்பரின் பலகை விறகாகிப் போகிறது. மூத்தும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு கரையான் தின்று முடிகிறது. மாபிள் பதித்ததும் மனசு நிறைந்துவிடுகிறது எங்களுக்கு.

வளர்ந்துவரும் நூதனசாலை என்றால், அதன் சேகரிப்பில் என்ன சேரும் என்பது இப்போது முடிவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொழும்பில் யாராவது எங்களைத் தேடி வருவார்கள் என்று காத்திருக்கப் பொறுமை இருக்கலாம், காலம் இல்லை.

எங்கட வாப்பாவின் கடைப் பற்றுக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. லய நம்பர், பேர், அரிசி, மண்ணெண்ணெய், தொகை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் மை தொட்டுப் பெருவிரல் பதித்திருக்கிறார்கள்; சில பக்கங்களில் எழுத்தைவிட ரேகைதான் அதிகம். தபாலட்டையில் இல்லாத பேர்கள் இதில் இருக்கின்றன. கடன் கொடுத்தவர் நாங்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது, அதையும் மறைக்காமல்தான் வைக்கவேண்டும். கலையா, கணக்கா என்று எனக்கே தெளிவில்லை. இப்போதைக்கு வேப்பிலை வைத்து, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.