வழக்குரைத்தவளும் அ.சா.1உம்: குற்றவியல் மன்றத்தில் இல்லறக் கொடுமைக்குள்ளான பெண்

முன்னுரை

தமிழிலக்கியத்தில் நீதி கேட்ட பெண் என்றதும் கண்ணகியே நினைவுக்கு வருகிறாள். கணவனால் கொடுமைக்குள்ளாகி நீதிமன்றம் ஏறும் பெண்ணுக்கு அம்முன்மாதிரி எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பிய மன்றம்

வழக்குரை காதையில் முறையிடுபவளும் வாதிடுபவளும் சான்றுப்பொருளைக் கையில் ஏந்தியவளும் கண்ணகியே. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் மன்னன் தன் தவற்றை உணர்கிறான். ஆனால் அவள் வழக்குரைத்தது கணவனுக்காக, அரசனுக்கு எதிராக. கோவலன் அவளைப் பிரிந்து பொருளையெல்லாம் தொலைத்த துயர் எம்மன்றத்துக்கும் வரவில்லை. கொலைக்களக் காதையில் அவன் ஒழுக்கத்தைப் பிழையெனச் சுட்டுகிறாள். அச்சொல்லும் ஆயர்பாடியில் மாதரி தந்த மனைக்குள் அடங்கிவிடுகிறது. அக்காலத்தை இக்காலச் சட்டத்தால் அளத்தல் முறையன்று. எனினும், கணவனுக்காகப் பேசும் பெண்ணுக்கு மரபு தந்த மேடை, கணவனுக்கு எதிராகப் பேசும் பெண்ணுக்குக் கிட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

மனுதாரரும் அ.சா.1உம்

ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூரில் நடுவர் நீதிமன்றம் ஏறும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் பாதுகாப்பும் உறைவிடமும் கோரினால் அவள் மனுதாரர். 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 498-ஏ பிரிவின்படி, அல்லது 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவின்படி வழக்கு நடந்தால், வழக்கு அரசினுடையது, அவள் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதற்சாட்சி. துயர் ஒன்றே, கோப்புதோறும் பெயர் வேறு.

2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் தனி வழக்குரைஞரை அமர்த்தவும் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழிசெய்தது. அம்மேல்முறையீட்டுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை என மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயின், அவ்வழக்குரைஞர் அரசு வழக்குரைஞருக்குத் துணைநிற்கலாமே தவிர, நேரடியாக வாய்மொழி வாதமோ சாட்சி விசாரணையோ நடத்த இயலாது என ரேகா முரார்கா வழக்கில் (2019) வரையறுத்தது.

பிறழ்சாட்சி

இக்குற்றம் தமிழ்நாட்டில் நடுவர் முன் சமரசத்துக்குரியதன்று. கணவனோடு இணங்கிப்போக முடிவு செய்தவர் உயர் நீதிமன்றத்தை அணுகி வழக்கை நீக்கக் கோரவேண்டும். போளூரிலிருந்து சென்னை சென்று வழக்காட வசதியற்றவளுக்கு எஞ்சுவது, கூண்டேறித் தன் புகாரைத் தானே மறுப்பதுதான். அப்போது அவளுக்கு வழங்கும் பெயர் பிறழ்சாட்சி. சமரசத்தை எளிதாக்கினால் அச்சுறுத்தல் பெருகும் என்னும் வாதம் வலியதே. ஆனால் பிறழ்சாட்சி என்னும் சொல் அச்சுறுத்தலையும் வறுமையையும் மனமாற்றத்தையும் வேறுபடுத்துவதில்லை; மூன்றையும் சாட்சியின் குறையாகவே பதிகிறது.

முடிவுரை

கண்ணகியைப் போற்றும் மரபு, தெளிவாகவும் சினத்தோடும் இறுதிவரை பேசும் பெண்ணையே எதிர்பார்க்கப் பழகியிருக்கிறது. தயங்கிப் பின்வாங்குபவளைக் கேட்கும் பழக்கம் அதற்கில்லை. அரசு வழக்கைத் திரும்பப் பெறும்போது பாதிக்கப்பட்டவரைக் கேட்கவேண்டும் எனப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு விதிக்கிறது. அவளே பின்வாங்கும்போதும் அதற்கான காரணத்தை அவள் சொல்லிலேயே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.