ஆர்ஜி குழப்பிய கவிதைகள்

ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' நாவல் 1994இல் வெளிவந்தது. கொழும்புத் தமிழ்ப் பொடியன் ஆர்ஜி, கூடப் படிக்கும் ஷெஹானை விரும்புகிறான். ஷெஹான் சிங்களவன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசித்தால் நெஞ்சைப் பிடித்து உலுக்குவது பரிசளிப்பு விழாக் காட்சிதான்.

'பிளாக் டை' என்று பொடியங்கள் சொல்லும் அதிபர் கொடுமைக்காரர். ஷெஹானின் தலைமயிரைக் கண்டபடி கத்தரித்து விட்டவர். ஆனால் அவர் விழுந்தால் பாடசாலை, தமிழருக்கு எதிரான உப அதிபர் லொக்குபண்டாரவின் கைக்குப் போகும். பிறகு தமிழ்ப் பிள்ளைகளின் கதி என்ன? இந்த நியாயத்தை ஆர்ஜிக்குச் சொல்பவர் வில்லன் அல்ல, சுந்தரலிங்கம் என்ற நல்ல ஆசிரியர். பதவியைக் காக்க அதிபர் ஆற்றும் உரை முழுவதும் ஆர்ஜி ஒப்புவிக்கப்போகும் இரண்டு ஆங்கிலக் கவிதைகளை நம்பி நிற்கிறது. அவன் மேடையேறி, வேண்டுமென்றே அடிகளைக் குழப்பி உளறுகிறான்.

நாவலின் நெஞ்சுரம் இங்கேதான் தெரிகிறது. 'முதலில் விடுதலை, மற்றதெல்லாம் பிறகு' என்று பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அந்த வாதத்தை அதன் முழு வலுவோடும் பேசவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையைத் தன் காதலின் பக்கம் நிற்க வைக்கிறார் செல்வதுரை. உனக்கு நீ உண்மையாயிரு என்று எவரும் சொல்லிவிடலாம். அதற்கு யார் யார் விலை கொடுக்க நேரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கதைகள் அரிது.

குறையும் இங்கேயே உண்டு. அந்த விலையை நாங்கள் காண்பதற்குள் தமிழர் மீதான 1983 கலவரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. தன் செயலுக்குப் பதில் சொல்லும் கட்டாயத்திலிருந்து வரலாறு ஆர்ஜியைத் தப்பவைக்கிறது.

யாழ்ப்பாணமும் தூரத்து ஆபத்தாகவே நிற்கிறது: அப்பாவின் நண்பர் மகன் ஜெகன் அங்கிருந்து வருகிறான், அங்கே செய்தி தேடிப் போன பத்திரிகையாளர் டாரில் பிணமாகிறார். வேலிக்கு வேலி சொந்தக்காரர் இருக்கும் யாழ்ப்பாண ஒழுங்கையில் இரண்டு பொடியங்கள் எங்கே தனித்திருப்பார்கள்? ஆர்ஜிக்குக் கார் கராஜ் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, கடைசியில் கனடாவும் இருந்தது. 1965இல் கொழும்பில் பிறந்த எழுத்தாளர் தான் அறிந்த உலகத்தை எழுதினார், அது குற்றமல்ல. தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றமே 2023இல் சொன்ன பிறகும், ஒழுங்கைப் பொடியனின் கதையை இந்த நாவலின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் சும்மா இருப்பதுதான் குற்றம்.

என் தீர்ப்பு நாவலுக்குச் சார்பானது. கலவரத்துக்குப் பிறகு, ஷெஹான் சிங்களவன் என்ற நினைப்பு முதன்முறையாக ஆர்ஜிக்குள் நுழைகிறது. அவன் அதை மறைக்கவில்லை, அதற்காகக் காதலைப் பொய் என்றும் சொல்லவில்லை.