கருப்புப் பூஞ்சை: ஒரு பெயரின் கோளாறு

2021 மே மாசம், வேலப்பன்சாவடி வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ டிவியில தினம் ஒரு நிறம் ஓடியது. முதல்ல கருப்புப் பூஞ்சை, அடுத்து வெள்ளை, அப்புறம் மஞ்சள். புதுப்புது நோயா கிளம்புதுன்னு நானும் பயந்தேன். பிறகு படிச்சுப் பார்த்ததும் பயம் போய் அந்தச் செய்திகள் மேல கோபம்தான் வந்தது.

மியூகார்மைகோசிஸ் பழைய நோய். அந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கும் குப்பையிலும் சாதாரணமாக இருப்பது. அது கருப்பும் கிடையாது. ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால், ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும் சதைதான் கருக்கிறது.

அப்போ ஏன் அந்த வருஷம் அவ்வளவு பேருக்கு? கொரோனா, கட்டுக்கடங்காத சர்க்கரை, ஸ்டீராய்டு என மூன்றும் சேர்ந்து கதவைத் திறந்துவிட்டன. டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்த மருந்துதான். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020-லேயே காட்டிவிட்டது.

நிறத்தை வைத்து அழைக்காதீர்கள் என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியாவும் சொன்னார். ஆனாலும் நிறம்தான் நிலைத்தது.

'கருப்புப் பூஞ்சை' என்றால் எங்கிருந்தோ வந்த எதிரி மாதிரி இருக்கு. 'இரண்டாம் தொற்று' என்று சொல்லியிருந்தால், அதுக்கு வழிவிட்டது எதுன்னு கேட்டிருப்போம். "சர்க்கரை பார்த்தீங்களா? ஸ்டீராய்டு எத்தனை நாள்?" டிவியில ஓடியிருக்க வேண்டியது இந்த ரெண்டு கேள்விதான்.