கழுதையின் கண்கள்

கண் பேசும் என்பர் கவிஞர். பேசட்டும்! ஆனால், பேசுவது கண்ணா, காண்பவரின் கருத்தா? இக்கேள்வியை எழுப்பாமல் பார்வையின் ஆற்றலைப் புகழ்ந்துரைப்பது பாட்டுக்கு அழகாகலாம், பகுத்தறிவுக்கு அழகாகாது.

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966இல் அளித்த 'ஓ அசார் பல்தசார்' எனும் திரைப்படத்தின் நாயகன் ஒரு கழுதை. குழந்தைகள் கொஞ்சி வளர்த்த குட்டி அது. பின்னர்க் கைமாறிக் கைமாறி, சுமை சுமந்து, அடிபட்டு, உதைபட்டு, இறுதியில் குண்டடிபட்டு, மலைச்சரிவில் ஆட்டுமந்தையின் நடுவே உயிர் துறக்கிறது. அதற்கு வசனமில்லை, கண்ணீருமில்லை. கண்கள் மட்டுமே உண்டு.

அப்படத்தில் ஒரு காட்சி. சர்க்கசுக்குக் கொண்டுவரப்பட்ட கழுதை, கூண்டுகளின் முன் நிற்கிறது. புலி பார்க்கிறது, கழுதையும் பார்க்கிறது. அடுத்துப் பனிக்கரடி, குரங்கு, யானை. விளக்கவுரை இல்லை, உருக்கும் இசையும் இல்லை. ஆயினும், அடிமையை அடிமை கண்டுகொண்ட காட்சியெனக் கலங்குகிறது நம் நெஞ்சம்!

அவ்வாறு கழுதை எண்ணியதாகப் படம் சொல்லவில்லை. எண்ணியவர் நாம். சோவியத் கலைஞர் லெவ் குலெஷோவ் இதனை முன்பே விளக்கினார். நடிகர் ஒருவரின் மாற்றமில்லா முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்துக்கு அருகே இணைத்தால் பசியென்றும், சவப்பெட்டிக்கு அருகே இணைத்தால் துயரென்றும் மக்கள் கண்டனர் என்பது திரைக்கலை வரலாறு கூறும் செய்தி. முகம் ஒன்றே, பொருள் தந்தவர் பார்த்தவர்!

பிரெஸ்ஸோனின் பெருமை, கழுதையை நடிக்க வைக்காததில் இருக்கிறது. சறுக்கல், ஒரு பாத்திரத்தின் வாயால் அதனைப் 'புனிதர்' என அழைத்ததில் இருக்கிறது. துன்புறும் உயிருக்கு இரங்க, அதன் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் எதற்கு?

அப்படியாயின் பார்வைக்கு ஆற்றலே இல்லையா? உண்டு. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, இருவர் உடலிலும் பாசப்பிணைப்பில் பங்குகொள்ளும் ஆக்சிடோசின் சுரப்பு உயர்வதை ஜப்பானிய அறிஞர்கள் 2015இல் வெளியிட்டனர். பார்வை பிணைக்கும், ஐயமில்லை. ஆனால், அது வாக்குமூலம் ஆகாது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் காட்டியது அதைத்தான். தின்பண்டத்தைத் திருடிய நாய் மட்டுமா 'குற்றப் பார்வை' பார்த்தது? திருடாத நாயும், வளர்ப்பவர் அதட்டியதும் அவ்வாறே பார்த்தது! குற்றவுணர்வு எனக் கருதப்பட்டது, அதட்டலுக்கு எழுந்த எதிர்வினையே.

இங்கேதான் பார்வையைப் பற்றிய திறனாய்வு, வாழ்க்கையைப் பற்றிய திறனாய்வு ஆகிறது. ஆசிரியர் அதட்டுகிறார், மாணவன் தலை குனிகிறான், "பார், திருட்டு முழி!" என்கிறோம். பண்ணையார் உறுமுகிறார், உழவன் விழி தாழ்கிறது, "என்னே பணிவு!" எனப் பாராட்டுகின்றனர். அச்சத்தை விதைத்தவரே அதனைக் குற்றமென்றும் பக்தியென்றும் அறுவடை செய்கின்றனர். நம் கதைகளிலும் படங்களிலும் 'விசுவாசம் வழியும் விழிகள்' எத்தனை! அவ்விழிகளை எழுதியவர், அவற்றுக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்டதுண்டா?

கழுதைக்கு வாய்மொழியில்லை, ஆகவே அதன் கண்ணைப் பார்த்துக் கலங்குகிறோம். அது முறையே. மாணவனுக்கு வாய் உண்டு, உழவனுக்கும் உண்டு. அவர்கள் விழிக்குப் பொருள் எழுதுமுன், அவர்கள் வாய் திறக்க வழிவிடுவோம்!