மெம்பிஸ் புளூஸும் பாண்ட் வாத்தியமும்

மக்கள் இசை பாண்ட் வாத்தியக் குழுவின் இசைத்தாளில் ஏறியதும் உயிரிழந்துவிடும் என்பர் சிலர். 'மெம்பிஸ் புளூஸ்' அக்கூற்றை மறுக்கின்றது. அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின உழைப்பாளரின் பாடல் மரபை அடியாகக் கொண்டு, பாண்ட் தலைவரான டபிள்யூ. சி. ஹாண்டி 1912இல் அதனைச் சொற்களற்ற வாத்திய இசையாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அதன் உரிமை வெறும் 50 டொலருக்கு அவர் கையை விட்டகன்றது, 1940இலேதான் மீண்டது. இடைப்பட்ட காலத்து இலாபம் பதிப்பாளரையே சேர்ந்தது.

1919இல் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் தலைமையில் 369ஆம் காலாட்படை வாத்தியக் குழு இதனை இசைத்தட்டிற் பதிந்தது. முதலாம் உலகப் போரில், நிறவெறி காரணமாகச் சொந்த நாட்டுப் படையோடு நின்று போரிட இடம்பெறாது, பிரெஞ்சுப் படையின்கீழ் விடப்பட்ட கறுப்பின வீரர்களின் குழு அது. அவ்விசைத்தட்டில், குழு முழுவதும் சட்டென ஓய, சில வாத்தியங்கள் மட்டும் துள்ளியெழுந்து பின் கூட்டத்தோடு இணைகின்றன. படையணியின் ஒழுங்கு கூட்டிசைக்கு வலிமை தருகின்றதேயன்றித் தனிக்குரலை நெரிக்கவில்லை.

எனவே, மக்கள் கலைக்கு ஊறு செய்வது இசைத்தாளன்று. படைத்தவரிடமிருந்து பயனைப் பறிக்கும் சந்தையே. இவ்விரண்டையும் பிரித்தறியாத விமர்சனம், கலையைக் காப்பதாக எண்ணிப் பறித்தவரைத் தப்பவிடுகின்றது.