யாருடைய குரல் அளவுகோல்?

பழைய ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்களைக் கொண்டாடுகிறவர்கள் ஓயாமல் சொல்லும் சொல் ‘நடுநிலை’. வீட்டு ஸ்பீக்கர் ஒலிக்குப் பவுடர் பூசும், மானிட்டர் உள்ளதை உள்ளபடி காட்டும் என்கிறார்கள். இந்த ‘உள்ளபடி’யைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சின்னப் பெட்டி. ஆழமான கீழ்ஸ்தாயி அதற்குள் அடங்காது. அதற்கு மேலே ஒரு சிறு மேடு வைத்து, இருப்பதாகக் காதை நம்பவைத்தார்கள். ஒருவர் நேரில் பேசுவதையும் அதே பேச்சு பெட்டி வழியே வருவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பிபிசி பொறியாளர்களின் வழக்கம். 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 வீடுகளுக்கென விற்கப்பட்டு, எடுபடாமல் போனது. கீழ்ஸ்தாயி குறைவு, குரல் புழங்கும் நடுப்பகுதி தூக்கல். ஒலிப்பதிவாளர்கள் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டார்கள்: இதில் தேறினால் எந்த ஓட்டை ரேடியோவிலும் தேறும். ஆக, ஒன்றுக்கு அளவு எதிரே பேசுகிற மனிதன். மற்றதற்கு எங்கோ கேட்கப்போகிறவன். இரண்டுமே தேர்வுகள்தாம்.

தூத்துக்குடிக் கடற்கரை ரொம்ப காலம் இந்த இரண்டாவது ஆளாகவே இருந்திருக்கிறது. டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலிப் பாட்டும் வானிலை அறிக்கையும் கேட்டது. அதன் பேச்சை அளவாக வைத்து யாரும் எதையும் சரிபார்க்கவில்லை.

நம் விமர்சனத்திலும் இதேதான். தஞ்சாவூர்ப் பேச்சு கதையில் வந்தால் அது ‘நடை’. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆகியவற்றின் பேச்சு ‘வட்டார வழக்கு’. கடலோடி ‘பாடு’ என்றால் கிடைத்த மீன். நம் காதில் விழுவதோ துன்பம். கச்சான், நீவாடு என்று வந்தால் ‘புரியலையே’ என்கிறோம். காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அவை துல்லியமான சொற்கள். நமக்கு அவை இரைச்சல். இதற்குப் பெயர் நடுநிலையா?

ஒலிப்பதிவாளர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள். பெரிய மானிட்டர், என்எஸ்-10, மலிவான சின்னப் பெட்டி என்று மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள். எந்தப் பெட்டியில் கேட்டோம் என்பதையும் மறைக்கவில்லை. நாம் ‘மொழி செம்மையாக இல்லை’ என்று தீர்ப்பெழுதுமுன், அந்தப் பக்கத்தை மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ ஒருவர் வாய்விட்டு வாசிக்கக் கேட்கலாம். இடறுவது பிரதியா நம் காதா என்பதை அப்புறம் பேசுவோம்.